எல்லாருக்கும் பிடித்த பாட்டு

ராபர்ட்சன்பேட்டைத் தையல் கடை ஒன்று. ஐந்து மெஷின், ஒரே ஸ்பீக்கர். கட்டிங் மாஸ்டருக்குக் கண்டசாலா, ஓவர்லாக் பெரியவருக்கு ராஜ்குமார், காஜா எடுக்கும் அக்காவுக்கு இளையராஜா, பட்டன் பையனுக்குக் கானா. கோலார் தங்க வயலில் நாலு பேர் கூடினால் மூன்று மொழியாவது இருக்கும்.

1940-இல் பிபிசி, தொழிற்சாலைகளுக்கென்றே ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்ற வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கியது. ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ பாட்டுக்கு அதில் இடமில்லை. கைதட்டும் இடத்தில் தொழிலாளிகள் கையில் இருப்பதை வைத்து மேசையைத் தட்டிவிடுவார்களாம். நியாயமான பயம்தான். இங்கே கானா ஓடினால் பெடல் எகிறுகிறது, ரவிக்கைத் தையல் கோணிக்கொள்கிறது.

முதலாளி சமரசம் கண்டுபிடித்தார். 2018-இல் வந்த ‘கே.ஜி.எஃப்’ படப் பாட்டு! நம்ம ஊர்ப் பேர், ஐந்து மொழியிலும் உண்டு.

“எந்த மொழியில போடட்டும்?” என்று கேட்டதுதான் தப்பு. அரை மணி நேரம் எந்த மெஷினும் ஓடவில்லை.

கடைசியில் பேச்சே இல்லாத பின்னணி இசை மட்டும், முழுச் சத்தத்தில். 2001-இல் சுரங்கம் மூடும்வரை வேலை பார்த்த ஒருவர் பேன்ட் தைக்கக் கொடுக்க வந்தார்.

“உள்ள டிரில் ஓடுறாப்லயே இருக்குதுப்பா. கொஞ்சம் குறை, நீளம் எவ்ளோன்னு சொல்லணும்.”