எடுத்த இடத்தில் வை

நாற்பது வருஷமாக என் மனைவி ஓயாமல் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "எடுத்த எடத்துல வைங்க." நகவெட்டி, கத்தரிக்கோல், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், எதுவானாலும் என் கை பட்டால் அதற்குக் கால் முளைத்துவிடும். மூக்குக் கண்ணாடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதைத் தேடுவதற்கென்றே இன்னொரு கண்ணாடி வாங்கி, அதையும் தொலைத்தவன் நான்.

அவளுடைய அந்த வாக்கியத்தையே விதியாக வைத்து ஒரு விளையாட்டு இருக்கிறது என்பது, கேன்சஸ் சிட்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஜூன் மாதத்தில்தான் தெரிந்தது. டென்வர் வரை காரில் போவதாக ஏற்பாடு. 600 மைல், காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம் என்றாள் மகள். புளியோதரை கட்டியாகிவிட்டது. அப்போது மாப்பிள்ளை மெதுவாக, "வழியில ஒண்ணு ரெண்டு கேஷ் மட்டும் எடுத்துட்டுப் போயிடலாம் மாமா" என்றார்.

முப்பத்து நாலு வருஷம் பேங்கில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது. "எவ்வளவு மாப்பிள்ளை?" என்றேன். அவர் சொன்ன கேஷ் வேறு. ஜியோகேஷ். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

"என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது மாமா."

பின்ஸீட்டிலிருந்து மனைவி, "எடுத்த எடத்துலயே வைக்கணுமாமே, கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

காரில் சரித்திர வகுப்பு நடந்தது. அமெரிக்க ராணுவம் ஜிபிஎஸ் சைகையைப் பொதுஜனங்களுக்கு வேண்டுமென்றே கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததாம். நூறு மீட்டர் வரை பிசகுமாம். 2000ஆம் வருஷம் மே மாத ஆரம்பத்தில் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். இனி கப்பல் தட்டுத்தடுமாறாது, விமானம் வழி தவறாது என்று உலகம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மே 3ஆம் தேதியே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டுக்குள் போய் ஒரு பக்கெட்டை மறைத்துவைத்துவிட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று அறிவித்தார். உள்ளே கொஞ்சம் புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு உண்டிவில், ஒரு டின் அவரை. மூன்றே நாளில் ஒருவர் கண்டுபிடித்தும்விட்டார். பல நூறு கோடி டாலர் செலவழித்து வானத்தில் விட்ட செயற்கைக்கோள்களுக்குக் கிடைத்த வேலை, அவரை டின்னைத் தேடுவது.

முதல் நிறுத்தம் டொபீகாவில் ஒரு கடையின் பார்க்கிங். செல்போனில் இருந்த அம்புக்குறி ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டியது. மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கம்பத்தின் அடியில் போல்ட்டை மூடியிருக்கும் தகர உறையை மெல்ல மேலே தூக்கினார். அதை அவர்கள் பாஷையில் பாவாடை என்றே சொல்கிறார்கள். பாவாடைக்குள்ளே பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று. எம்.டெக். படித்த மருமகன் பட்டப்பகலில் கம்பத்தின் பாவாடையைத் தூக்குவதைப் பார்க்க நேர்ந்த மனைவி காருக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சமயம் ஒரு அம்மாள் தள்ளுவண்டியோடு கடந்து போனார். மாப்பிள்ளை உடனே குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்டினார். விளையாடாதவர்களுக்கு மகிள் என்று பெயராம். ஹாரி பாட்டரில் மந்திரம் தெரியாத ஜனங்களுக்கு வைத்த பெயர். மகிள்கள் கண்ணில் பட்டால் டப்பா காணாமல் போய்விடும் என்பதால் இந்தத் திருட்டு முழி.

டப்பாவுக்குள் விரல் அகலத் தாள். எல்லாரும் எறும்பு சைஸில் ஒரு பெயரும் தேதியும் கிறுக்கியிருந்தார்கள். பேனாவை வாங்கிய மனைவி, தன் பெயர், என் பெயர், மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லார் பெயரையும் நட்சத்திரத்தோடு எழுதினாள். "ராசி எழுத எடம் பத்தல" என்று திருப்பிக் கொடுத்தபோது தாள் முடிந்திருந்தது. டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாதபடி உபயதாரர் பெயர் எழுதும் ஊர்க்காரர்களிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்க்க முடியும்?

அதற்கப்புறம் வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். வில்சன் என்ற ஊரில் இருபது அடி உயரத்துக்கு வர்ணம் தீட்டிய முட்டை நிற்கிறது. செக் நாட்டிலிருந்து குடியேறியவர்களின் ஞாபகமாக. அதை அண்ணாந்து பார்த்தது நானும் மனைவியும்தான். மாப்பிள்ளையும் பேரனும் அக்கம்பக்கத்து பெஞ்சுகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அம்புக்குறி இடத்துக்குக் கொண்டுபோய் விடும், பொருளுக்கு அல்ல. திறந்த வெளியில்கூட ஐந்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஐந்து மீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டால் எண்ணூறு சதுர அடிக்கு மேல் வரும். அதாவது ஒரு இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் என் மூக்குக் கண்ணாடியைத் தேடும் அதே கஷ்டம். பக்கத்தில் போனதும் அம்பு பைத்தியம் பிடித்ததுபோலச் சுற்றும். குறிப்பு என்று ஒன்று தருவார்கள். ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று எழுத்து தள்ளி எழுதியிருப்பார்கள். பேரன் நாக்கைக் கடித்துக்கொண்டு அதைப் பெயர்த்தெடுத்தால், 'நீ நினைக்கும் இடத்தில் இல்லை' என்று வரும். ஜோசியர்கள் தேவலாம்.

இந்தக் கட்டத்தில்தான் என் மனைவியின் மகிமை வெளிப்பட்டது. ஹேஸ் ஊருக்கு முன்னால் ஒரு பாலத்தருகே நாங்கள் நால்வரும் இருபது நிமிஷம் புல்லைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "அந்தத் தகர வேலிக்குப் பின்பக்கம், மூணாவது போல்ட்டாண்ட பாருங்க மாப்பிள்ளை" என்றாள். காந்தம் ஒட்டிய சின்னச் சாவிப் பெட்டி, அங்கேயே இருந்தது.

"எப்படி அத்தை?"

"நானா இருந்தா அங்கதான் வச்சிருப்பேன்."

ஆச்சரியமில்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்ன பத்தாவது நிமிஷம், எங்கள் வீட்டுத் துவரம்பருப்பு டப்பாவின் அடியிலிருந்து பதினெட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு வெளியே வந்தது. அந்த டப்பாவிலிருந்து நான் எத்தனையோ தடவை பருப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒளிக்கத் தெரிந்தவளுக்குத் தேடத் தெரியும். அந்த அதிர்ச்சியில் நானும் பதிலுக்கு ஒரு ஒளிவிடம் ஏற்பாடு செய்துகொண்டேன், ஆனால் அது இங்கே வேண்டாம்.

வழியிலேயே ராத்திரி தங்கி, மறுநாள் மிங்கோ என்ற கேஷ். மாப்பிள்ளை காலையிலேயே தலைக்குக் குளித்திருந்தார். 2000 மே 11ஆம் தேதி ஒளித்துவைத்தது, இன்றைக்கும் புழக்கத்தில் இருப்பவற்றிலேயே பழையது. ஓக்லிக்கும் கோல்பிக்கும் நடுவே ஐ-70 நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் வந்துவிடும். கோபுரம் இல்லை, வளைவு இல்லை. அறுவடைக்கு நிற்கும் கோதுமை, காற்று, ஜல்லி ரோடு. வரப்பே இல்லாமல் அடிவானம் வரைக்கும் ஒரே வயல். எங்கள் ஊரில் அந்த அளவுக்குள் நூறு பங்காளித் தகராறு இருக்கும். ஒரு பிக்கப் வண்டிக்காரர் தூசி கிளப்பிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை அவசரமாக ஷூ லேஸுக்குக் குனிந்தார். வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி, இடம் அந்தப் பக்கம் என்று காட்டிவிட்டுப் போய்விட்டார்.

எங்கே இருந்தது என்று சொல்லமாட்டேன், சொல்வது மரியாதை இல்லை. உள்ளே கையெழுத்து நோட்டும், சில்லறைச் சாமான்களும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புக்கோ கூடுதலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். மொய் கணக்கேதான். தின்பண்டம் வைக்கக் கூடாது. மிருகங்கள் மோப்பம் பிடித்து வந்துவிடுமாம். அதனால் மனைவியின் முறுக்குப் பொட்டலம் திரும்பிவந்தது. பேரன் ஒரு பிளாஸ்டிக் தவளையை எடுத்துக்கொண்டு கோலிக்குண்டு வைத்தான். நான் கண்ணாடியைப் போட்டு நோட்டில் கையெழுத்திட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காக உள்ளே வைத்து இறுக்கி மூடினேன்.

குட்லேண்டுக்கு முன்னால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். கேன்சஸின் மேற்கோர நாலு கவுண்டிகளுக்கு மட்டும் வேறு நேரம். "ஒரு மணி நேரம் லாபம் மாமா, இன்னும் நாலு கேஷ் பாக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. அந்த ஊரில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் நகலை எண்பது அடி ஸ்டாண்டில் மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே இருந்த பலகையைப் படிக்கலாமென்று சட்டைப்பையில் கை விட்டேன்.

கண்ணாடி இல்லை.

யாரும் ஒன்றும் பேசவில்லை. வண்டி கிழக்கே திரும்பியது. நாற்பத்தைந்து மைல். லாபம் வந்த ஒரு மணி நேரம் எல்லையிலேயே திரும்பப் பிடுங்கப்பட்டது. மிங்கோவில் கண்ணாடி, நோட்டின்மேல் காலை மடக்கிக்கொண்டு சாதுவாகப் படுத்திருந்தது. "வாழ்க்கையில மொத தடவையா ஒரு பொருளைப் பத்திரமா ஒரு எடத்துல வச்சிருக்காரு உங்கப்பா" என்றாள் மனைவி மகளிடம்.

நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். பேரன் கையை நீட்டி மறித்தான். "தாத்தா, எடுத்தா ஏதாவது வைக்கணும். ரூல்."

"என்கிட்ட ஒண்ணுமே இல்லையேடா கண்ணு."

"பாஸ்போர்ட் உறையில, விசா பக்கத்துக்குப் பின்னாடி நாலா மடிச்ச ஐந்நூறு ரூபா இருக்கே" என்றாள் மனைவி, முறுக்கை மென்றுகொண்டே. "அதை வைங்க."