ஈப் புத்தகம் ரெண்டு கோடி டாலர்

கடைக்குப் புது மென்பொருள் வாங்கிட்டியாமே பேராண்டி? சந்தோசம். இனி வெலைய அதுவே போட்டுக்கிடும், நீ கல்லாவுல கால் மேல கால் போட்டு உக்காந்துக்கிடலாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாம்லா. இந்தக் கெழவன் காதுக்கும் வந்துச்சு.

அதுல அப்படி என்னலே அதிசயம்? நெறைய வாங்குனா ஒரு வெல. சில்லறைக்கு ஒரு வெல. தீபாவளிக்குத் தள்ளுபடி. எதுத்த கடைக்காரன் கொறச்சா நாமளும் கொறைக்கணும். இதத்தான உங்க தாத்தன் காதுல பென்சிலச் சொருகிக்கிட்டு நாள் பூரா செஞ்சான்? என்ன, அவன் அதுக்கு ‘ரூல்’னு பேரு வைக்கல. பேரு வச்சிருந்தா அவனும் மாசாமாசம் சந்தா வாங்கியிருப்பான்.

சரி, ஒரு சங்கதி சொல்லுதேன், கேளு. 2011 ஏப்ரல் மாசம். அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல மைக்கேல் ஐசன்னு ஒரு உயிரியல் வாத்தியார். அவரு ஆய்வகத்துக்கு ஒரு புத்தகம் வேண்டியிருந்துச்சு. பீட்டர் லாரன்ஸ் எழுதுன ‘தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’. 1992-ல வந்தது. ஈ எப்படி உருவாகுதுன்னு சொல்லுத புத்தகம். அமேசான்ல தேடுனா, பழைய பிரதி 35 டாலர் சொச்சத்துக்குக் கெடக்கு. புதுசு ரெண்டே ரெண்டு. ஒருத்தன் 17 லட்சம் டாலருக்கு மேல சொல்லுதான், இன்னொருத்தன் 21 லட்சத்துக்கு மேல. ஈக்குலே! யானைக்கு இல்ல.

வாத்தியார் சும்மா இருப்பாரா? நாளும் வெலையக் குறிச்சு வச்சுக் கணக்குப் பாத்திருக்காரு. குட்டு வெளிய வந்துட்டுது. முத ஆளு மென்பொருள்கிட்டச் சொல்லி வச்சது: அடுத்தவன் வெலையில 0.9983 மடங்கு போடு. ஒரு துளி கம்மி, நம்மகிட்ட வருவாங்க. நல்ல யோசனைதான். ரெண்டாவது ஆளு சொல்லி வச்சது: அவன் வெலையப் போல 1.27 மடங்கு போடு. ஏன் கூட? அவங்கிட்டப் புத்தகமே இருந்திருக்காதுன்னு வாத்தியார் யூகிச்சாரு. யாராவது கேட்டா முத ஆளுகிட்ட வாங்கிக் குடுத்துட்டு நடுவுல காசு பாக்கலாம்லா? நம்ம ஊரு தரகன்தான், என்ன, மூஞ்சி தெரியாது.

அம்புட்டுதான். ரெண்டும் ஒண்ணு தோள்ல ஒண்ணு மாத்தி மாத்தி ஏறிக்கிட்டே போயிருக்கு. தெனமும் கால்வாசிக்கு மேல ஏத்தம். ஏப்ரல் 18-ல வெல என்ன தெரியுமா? 2 கோடியே 36 லட்சத்து 98 ஆயிரத்து 655 டாலர், 93 சென்ட். அதுக்கு மேல தபால் செலவு 3.99 டாலர். அத மட்டும் விடல பாத்தியா! பொறவு யாரோ ஒரு மனுசன் கண்ணத் தெறந்து பாத்திருக்கான், மறுநா 106 டாலருக்கு எறங்கிட்டுது.

ரெண்டு பேரோட ரூலும் தனித்தனியாப் பாத்தா சரிதான். தப்பு எங்க இருக்கு? ‘இதுக்கு மேல போகாத’ன்னு யாரும் சொல்லல. அந்த ஒரு வரிய எழுத எம்புட்டு நேரம் ஆகும்?

கீழ எறங்குனாலும் கதை இதேதான். 2014 டிசம்பர்ல, ரீப்ரைசர் எக்ஸ்பிரஸ்னு வெல போடுத மென்பொருள் ஒண்ணு கோளாறாகி, பிரிட்டன் அமேசான்ல நூத்துக்கணக்கான சரக்கு ஒரு மணி நேரத்துக்கு 1 பென்னிக்குப் போச்சு. சனம் விடுமா? அள்ளிட்டுது. முக்காவாசி ஆர்டருக்கு மேல ரத்து பண்ணிட்டாங்க, ஆனா கெளம்பிப்போன சரக்க யாரு திருப்புவா?

நம்ம கடைக்கு வா. 10 கிலோவோ அதுக்கு மேலயோ எடுத்தா கிலோ 45, கொறஞ்சா 52-ன்னு போட்டு வச்சிருக்கியே. 9 கிலோ வாங்குதவன் 468 குடுக்கணும். 10 கிலோ வாங்குதவன் 450. ஏலே, ஒரு கிலோவ இனாமாக் குடுத்து, அதுக்கு மேல 18 ரூவாயும் திருப்பிக் குடுக்கியே, நீ என்ன கர்ணன் பரம்பரையா? பெரிய கடைக்காரன் தெரிஞ்சே செய்வான், சரக்கு தள்ள. நீ தெரியாமச் செஞ்சிருக்க.

பொறவு, 1,000 ரூவா பில்லுல 10 சதவீதம் கழிச்சு, அடுத்து 50 ரூவாய எடு: 850. மொத 50-ஐ எடுத்துட்டு சதவீதத்தக் கழி: 855. எது முந்தி, எது பிந்தின்னு மென்பொருள்ல வரிசை போட்டியா? போடலன்னா அதுவாப் போட்டுக்கிடும், உன்னக் கேக்காது. கொள்முதல் வெலைக்கு மேல இத்தன சதவீதம்னு ஒரு ரூல் வச்சிருக்கியே, அது பாக்கெட்டுல அச்சடிச்ச எம்.ஆர்.பி.யத் தாண்டுதான்னு பாத்தியா? தாண்டி வித்தா மென்பொருளுக்கு அபராதம் போட மாட்டாங்க, உனக்குத்தான் போடுவாங்க.

தாத்தன் பென்சில் மெதுவா எழுதும், தப்பையும் மெதுவாத்தான் எழுதும். இது ஒரே தட்டுல ஆயிரம் சரக்குல எழுதிருமே, அதான் பயமா இருக்கு.

வித்தை வேண்டாம்னா சொல்லுதேன்? ஓட்டு, தாராளமா ஓட்டு. ஆனா மொத, ஒவ்வொரு சரக்குக்கும் இதுக்குக் கீழ கூடாது, இதுக்கு மேல கூடாதுன்னு ரெண்டு வெலைய ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வா. அத மென்பொருள்ல ஏத்து. ராத்திரி கடை சாத்தும்போது அன்னிக்கு மாறுன வெலைய ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் பூட்டு. மத்த ரூலெல்லாம் அடுத்த வாரம் பேசிக்கிடலாம்.