கோட்டை கட்டியவர்களும் கோட்டை விட்டவர்களும்

1066-ல் இங்கிலாந்தை வென்ற வில்லியம், தன் நார்மன் பிரபுக்களுக்கு நிலத்தை அள்ளிக் கொடுத்தார். அவர்களே ஏன் அவரை எதிர்த்தார்கள்?

கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் கொஞ்சம் அசந்தால், கோட்டை விட வேண்டியதுதானே!

கல்யாண விருந்திலேயே சதி நடந்ததாமே?

ஆமாம். 1075-ல், எக்ஸ்னிங் என்ற ஊரில். மாப்பிள்ளை, கிழக்கு ஆங்கிலியாவின் ஏர்ல் (பிரபு) ரால்ஃப். பெண்ணின் சகோதரர், ஹெரிஃபோர்ட் ஏர்ல் ரோஜர். மொய் எழுத வேண்டிய இடத்தில் மன்னரின் தலையெழுத்தை எழுதப் பார்த்தார்கள்! கலகம் தோற்றதும் மாப்பிள்ளை கப்பலேறிவிட்டார். நாரிச் கோட்டையைக் காத்து நின்று, உயிருக்கு உத்தரவாதம் வாங்கிய பிறகே வெளியேறியவர் புதுப்பெண் எம்மா. என்னைக் கேட்டால், அந்தக் கலகத்தின் உண்மையான தளபதி அவர்தான்.

ஒன்று மட்டும் நெஞ்சை உறுத்துகிறது. நார்மன் ரோஜருக்குச் சிறைதான். அதே சதியில் சிக்கி, தானே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆங்கிலேய ஏர்ல் வால்தியோஃபுக்கோ 1076-ல் தலை போனது. இது அநீதி.

பிஷப்பைக் கைது செய்ய மன்னருக்கு அதிகாரம் உண்டா?

பிஷப்பை யார் கைது செய்தது? பேயோ நகர பிஷப் ஓடோ, கெண்ட் பகுதியின் ஏர்லும்கூட. 1082-ல் வில்லியம் பிடித்தது அந்த ஏர்லைத்தான்! இத்தனைக்கும் ஓடோ அவருக்கு ஒரே தாய் வயிற்றுத் தம்பி.

1087-ல் மரணப்படுக்கையில் மன்னர் தம்பியை விடுவித்தார். மறு வருடமே ஓடோ, அண்ணன் மகன் வில்லியம் ரூஃபஸை எதிர்த்துக் கலகம் செய்தார். தோற்று, இங்கிலாந்தை விட்டே வெளியேறினார்.