கணினி அறை வாசற்செருப்பு: தோற்றமும் வகையும் வீழ்ச்சியும்

கணினி அறை வாசற்செருப்பு என்பது, கணினி உள்ள அறைக்குள் நுழையுமுன் கழற்றப்பட்டு, திரும்பி வரும்போது விட்ட இடத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் வெளியே விடப்படும் காலணி. கோயில் வாசற்செருப்பும் கல்யாண மண்டபச் செருப்பும் இதில் அடங்கா. வெறுங்காலோடு வந்தவர், இந்த ஆய்வைப் பொறுத்தவரை, வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்தவர் ஆவார்.

இதன் செழிப்புக் காலம் தமிழ்நாட்டில் 1980களின் நடுப்பகுதியில் தொடங்கி 1990களின் இறுதிவரை நீள்கிறது. 1984இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ பள்ளிகளுக்கு வந்தது. பின்னால் எக்ஸ்டி, ஏடி, 386, 486 என்று வரிசையாக வந்தன. உள்ளே இயந்திரம் மாறியதே தவிர வெளியே செருப்பு மாறவில்லை. அறைக்கு ஏசி, ஜன்னலுக்குத் திரைச்சீலை, தரைக்குக் கம்பளம், மானிட்டருக்கு அளவெடுத்துத் தைத்த டஸ்ட் கவர். பிள்ளைகள் அதற்குமுன் பள்ளியில் பார்த்திராத வசதிகள் இவை. அவற்றை அனுபவித்தது பெரும்பாலும் இயந்திரமே. ஒரு மானிட்டருக்கு மூன்று நாற்காலி என்ற கணக்கில், நடு நாற்காலிக்காரர் மட்டும் விசைப்பலகையைத் தொட்டார். மற்ற இருவரும் கணினி கற்றனர் என்று சான்றிதழ் பெற்றனர்.

செருப்பை ஏன் கழற்ற வேண்டும் என்பதற்கு நான்கு கொள்கைகள் உள்ளன.

முதலாவது தூசுக் கொள்கை. இதற்கு ஒரு காலத்தில் உண்மையான அடிப்படை இருந்தது. பெருங்கணினிகளில் வட்டுகளை அடுக்கோடு கழற்றி மாட்டும் முறை இருந்தபோது, படிக்கும் தலை, தலைமயிரின் பருமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் வட்டின்மேல் மிதந்து சென்றது. நடுவில் ஒரு துகள் புகுந்தால் தலை வட்டில் உரசும். உரசிய இடத்துத் தரவு போனது போனதுதான். ஆனால் 1973இல் ஐபிஎம் வெளியிட்ட ‘வின்செஸ்டர்’ என்னும் 3340, தலையையும் தட்டையும் ஒரே மூடிய கூட்டுக்குள் வைத்துவிட்டது. 1983இல் வந்த பிசி எக்ஸ்டியின் 10 மெகாபைட் வட்டும் மூடிய வட்டே. ஆகவே எக்ஸ்டியின் வட்டைக் காப்பதற்காகச் செருப்பைக் கழற்றிய மாணவர், பத்தாண்டுகளுக்கு முன்பே நீங்கிவிட்ட ஆபத்தை வெறுங்காலால் எதிர்த்து நின்றார். கழற்றாமல் இருந்திருந்தால் நல்லது என்றுகூட வாதிட இடமுண்டு: நைலான் காலுறையோடு செயற்கை இழைக் கம்பளத்தில் நடந்தால் உடலில் நிலைமின்னேற்றம் சேரும், மின்னணுச் சில்லுக்குத் தூசைவிட அதுவே பெரிய பகை. இதைச் சொன்னவர் எவரும் லேப் அசிஸ்டென்ட் வேலையில் நீடித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது வைரஸ் கொள்கை. வைரஸ் காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்பியோர் இருந்தனர். அவர்களுள் சிலர் அதைக் கற்பித்தனர். 1986இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ், 360 கிலோபைட் ஃபிளாப்பியின் பூட் செக்டாரில் குடியிருந்தது. அதாவது, செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பயபக்தியோடு உள்ளே வந்த மாணவரின் கையிலிருந்த ரெக்கார்டு நோட்டுக்குள், ஐந்தேகால் அங்குல உறைக்குள், வந்தது. காலைச் சோதித்தவர்கள் நோட்டைச் சோதிக்கவில்லை. இன்னொரு செய்தியும் கருதத்தக்கது: அந்த வைரஸ் தன்னை எழுதியவர்களின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தனக்குள் ஒளிவுமறைவின்றிச் சுமந்து திரிந்தது. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் இந்த நேர்மை முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குப் பரவவில்லை. பரவுவதற்கு அவற்றை யாராவது திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது குளிர்க் கொள்கை. இதைப் பின்பற்றுவோர் இல்லை.

நான்காவது புனிதக் கொள்கை. ஆயுத பூசையன்று மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. சிபியு மேல் பூவும் பொரியும் வைக்கப்பட்டன. அதற்கு முன் செருப்போடு நிற்க யாருக்கு மனம் வரும்? மற்ற மூன்று கொள்கைகளும் இதற்கு எழுதப்பட்ட உரைகள் என்பதே பெரும்பான்மை முடிவு.

இனி வகை. ரப்பர் ஹவாய்; தோல் செருப்பு; பி.டி. வகுப்புக்கான கேன்வாஸ்; கயிறு கட்டிய கறுப்பு ஷூ. காலுறை தனி நூலுக்கு உரியது. அந்த நூலையும் திறந்தவெளியில் வைத்தே படிக்க வேண்டும்.

வகையைவிட நுட்பமானது குவியல். முப்பது பேர் ஒரே நேரத்தில் கழற்றும்போது வாசலில் உருவாவது அடுக்கா, வரிசையா என்பது இத்துறையின் தலையாய வழக்கு. அடுக்கில் கடைசியாக வைத்தது முதலில் வரும். வரிசையில் முதலில் வைத்தது முதலில் வரும். உள்ளே இவ்விரண்டையும் பாஸ்கல் மொழியில் எழுதத் திணறியவர்கள், வெளியே முதலாவதைக் காலாலேயே செய்து முடித்திருந்தனர். அடுக்கு என்போர், முதலில் ஓடிவந்து நடு நாற்காலியைப் பிடித்தவரின் செருப்பு அடியில் புதைந்ததைச் சான்று காட்டுவர். வரிசை என்போரின் மூலச்சான்று, ஆண்டாய்வுக்கு அதிகாரி வந்த நாளில் மட்டும் செருப்புகள் சுவரோரம் நேராக நின்றன என்பது. இதை மறுத்து எழுந்த குறிப்புரை, அதை மறுத்த மறுப்புரை, மறுப்புரைக்காரரின் மாணவர் ஆசிரியரைக் காக்க எழுதிய விளக்கம், அந்த மாணவரே பணி உயர்வுக்குப்பின் தன் விளக்கத்துக்கு எழுதிய மறுப்பு ஆகிய நான்கும் பழைய பிராக்டிகல் நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில், புள்ளி விளையாட்டுக் கட்டங்களுக்கு இடையே சிதைந்து கிடைக்கின்றன. ஐந்தாவது ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றும், அது டாட் மேட்ரிக்ஸ் தாளின் ஓட்டை போட்ட ஓரத்தில் எழுதப்பட்டுக் கிழித்தெறியப்பட்டது என்றும் ஒரு சாரார் கொள்வர். கிடைக்காத அந்த ஐந்தாவதையே எல்லாரும் மேற்கோள் காட்டுகின்றனர்.

குவியலிலிருந்து பிறப்பது மாற்றச் சிக்கல். நல்ல செருப்போடு வந்தவர் தேய்ந்த செருப்போடு திரும்புவதை, கெட்ட நாணயம் நல்ல நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்னும் கிரஷாம் விதியோடு சேர்த்துப் படிப்பர். இதற்கு மாணவர்கள் கண்ட தீர்வு, இடது செருப்பைத் தூணுக்குப் பின்னும் வலது செருப்பைத் தண்ணீர்த் தொட்டி அருகிலும் விடுவது. திருடுபவர் ஜோடி தேடுவார். ஜோடி கிடைக்காவிட்டால் விட்டுப் போவார். ஒரே தரவைப் பல வட்டுகளில் பிரித்து வைப்பதும் கணினித் துறையில் உண்டு. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் ‘ரெய்டு’ முறையை விவரித்தபோது, முதலாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை வகுத்தனர். காப்பு நகல் எதுவுமின்றி வெறுமனே பிரித்து மட்டும் வைக்கும் சுழிய நிலை பின்னாளில் சேர்ந்த பெயர். அதில் ஒரு வட்டு போனால் அனைத்தும் போச்சு. தூணுக்குப் பின்னிருந்த இடது செருப்பை நாய் தூக்கிச் சென்ற நாளில், தண்ணீர்த் தொட்டியருகே பத்திரமாகக் கிடந்த வலது செருப்பின் பயன் என்ன என்று எண்ணிப் பார்ப்போர், சுழிய நிலையின் மூலம் எங்குள்ளது என்பதை உணர்வர். பெர்க்லிக்கு இது தெரிவிக்கப்படவில்லை.

மின்வெட்டு தனித் திணை. தொல்காப்பியம் பாலைக்கென்று நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம். கணினி அறையும் அவ்வாறே திரிந்தது. ஏசி நிற்கும், யுபிஎஸ் சிறுபொழுது கீச்சிட்டு அடங்கும், வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோல் கே எஸ் அழுத்தாதவரின் கட்டுரை பிரிந்து செல்லும். இத்திணையின் உரிப்பொருள் பிரிவு என்பதில் ஐயமில்லை. கருப்பொருள், இருட்டில் கால் விரலால் துழாவி எடுக்கப்படும் செருப்பு. அப்போது அகப்பட்டது யாருடையதாயினும் அது மாற்றமாகாது, மயக்கமாகும்.

வீழ்ச்சிக்குக் காரணம் பல. கம்பளம் போய் டைல்ஸ் வந்தது. இயந்திரங்கள் மலிந்து அறையைவிட்டு மேசைக்கும், மேசையைவிட்டு மடிக்கும் வந்தன. இன்று கணினி சட்டைப்பையில் உட்கார்ந்து, செருப்புக் காலோடு மீன் கடைக்குள்ளும் போகிறது. அதற்குச் சந்தனம் வைப்பாரில்லை. ஸ்கிரீன் கார்டு ஒட்டுவார் உண்டு.

மரபின் எச்சம் சில தரவு மையங்களில் உள்ளது. அங்கே வாசலில் ஒட்டும் பாய் விரித்திருப்பர். மிதித்தால் அடிப்பகுதித் தூசு அதில் தங்கிவிடும், செருப்பு காலோடு போகும். குவியல் இல்லாததால் அடுக்கு, வரிசை, மாற்றம் ஆகிய மூன்று வழக்குகளும் அங்கே எழா. தளர்ந்த வாருள்ள ஹவாய் பாயிலேயே ஒட்டிக்கொள்ள, கால் மட்டும் உள்ளே போகும் நேர்வு ஒன்று உண்டு. அதைக் கழற்றியதாகக் கொள்வதா என்பதற்கு விதி இன்னும் எழுதப்படவில்லை.