வாய் திறக்காத கணக்கு வாத்தியார்

1644-இல் பாரிஸில் மரின் மெர்சென் என்ற துறவி ஒரு பட்டியல் போட்டார். உலகத்தைத் துறந்தவர், கணக்கை மட்டும் துறக்கவில்லை. 2-ஐ இத்தனை தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று 257 வரை பதினொரு எண்களை எழுதினார். அதில் 67-உம் ஒன்று. இவ்வளவு பெரிய எண்களைச் சோதிக்க எத்தனை காலமும் போதாது என்று சொன்னவரும் அவரேதான். எவனும் சரிபார்க்கப் போவதில்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் தைரியம் வராது?

232 வருஷம் யாரும் அவரை அசைக்கவில்லை. 1876-இல் எதுவார் லூக்கா வந்தார். ஹனோய் கோபுரம் என்ற புதிரைக் கண்டுபிடித்து, பின்னாளில் கம்ப்யூட்டர் மாணவர்களைக் கதறவைத்த அதே புண்ணியவான். அந்த 67 பகா எண்ணைத் தராது என்று நிரூபித்தார். சரி, எதால் வகுபடும்? அதை மட்டும் அவருடைய முறை சொல்லாது. திருடன் வீட்டுக்குள் இருக்கிறான், பெயர் தெரியாது என்று கைவிரித்த போலீஸ்காரர் மாதிரி.

திருடனைத் தேடுவது லேசில்லை. எண் இதுதான்: 14,75,73,95,25,89,67,64,12,927. இதன் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது விதி. 135, 269, 403 என்று வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டே போனால், ஆசாமி 14,45,580-ஆவது வீட்டில் இருக்கிறார்.

1903 அக்டோபர் 31, நியூயார்க். அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் மேடையேறினார். வணக்கம் இல்லை, 'இத்தருணத்தில்' இல்லை, பொன்னாடை இல்லை. கரும்பலகையில் 2-ஐ 67 தடவை பெருக்கினார், ஒன்றைக் கழித்தார். பக்கத்தில் 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றே. சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அரங்கமே கைதட்டியது, கேள்வி கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. இது கணித எழுத்தாளர் ஈ. டி. பெல் சொன்ன கதை. கொஞ்சம் மசாலா சேர்க்கிற கை அவருடையது. எவ்வளவு நாள் பிடித்தது என்று பின்னால் கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல். அந்த வீட்டு அம்மாள் என்ன சொன்னார் என்பதைப் பெல் எழுதவில்லை.

மெர்சென் பட்டியலில் மொத்தம் ஐந்து பிழை. 67, 257 இரண்டும் தப்பாக நுழைந்தவை. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போனவை. 61-ஐக் கண்டுபிடித்தவர் பெர்வூஷின் என்ற ருஷ்யப் பாதிரியார், 1883-இல். ஆனாலும் இன்றுவரை அந்த எண்களுக்கு மெர்சென் பெயர்தான். கணக்கைச் சரியாகப் போட்ட கோலுக்கு ஒரு பரிசின் பெயர் மிஞ்சியது.

பெருக்கலில் சந்தேகம் இருப்பவர்கள் தாளும் பென்சிலும் எடுங்கள். உங்களுக்கு ஒரு ஞாயிறு போதும். பேசக்கூடாது, அவ்வளவுதான்.