பார்த்து எழுதிய வாக்குமூலம்

தேர்வறையில் பிட் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று பலருக்குத் தெரியாது. கொலை விழுந்த வீட்டில்கூட அவ்வளவு கூட்டம் சேராது. மைக்ரோ ஜெராக்ஸ் போட்டு, தீப்பெட்டி அகலத்துக்கு மடித்து, முழுக்கைச் சட்டையின் மடிப்பில் செருகி வைத்திருந்த ஒரு காகிதம். அதற்காகப் பறக்கும் படை வந்தது, தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார், பின்னாலேயே பிரின்சிபாலும் வந்தார். பையனை எழுப்பி நிறுத்தி, வெள்ளைத்தாளை நீட்டி, "எழுதிக் குடுடா" என்றார்கள். என்ன எழுதுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் பிட் எதற்கு?

அன்று அந்த அறையின் கண்காணிப்பாளன் நான். பழைய கேஸ் ஒன்றில் எழுதி வாங்கிய கடிதம் ஆபீஸ் ஃபைலில் மாதிரிக்கு இருந்தது. அதை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். தேதியையும் பதிவு எண்ணையும் மட்டும் மாற்றி, மீதியை எழுத்துப்பிழை உட்பட அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். பார்த்து எழுதிய குற்றத்தை ஒப்புக்கொண்டு அவன் பார்த்து எழுதிய கடிதம் அது. வாங்கிச் சரிபார்த்து முத்திரை குத்திய எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. தப்பு செய்தான், தண்டனை வாங்கினான். ஆனால் அவன் சட்டையைப் பிடித்த கைகளை ஒருமுறை மோந்து பார்க்க வேண்டாமா?

அதே கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும். அந்த இரண்டு நாளைக்கு மட்டும் எங்கள் டிபார்ட்மென்ட்டில் புதுப்புது முகங்கள் முளைக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு பேராசிரியர்கள் வந்து, "தம்பி, ஹெச்.ஓ.டி. ரூம் எந்தப் பக்கம்?" என்று மாணவர்களிடமே வழி கேட்பார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அவர்கள் மூன்று வருடமாக அங்கே வேலை பார்ப்பவர்கள். நூலக அலமாரிப் புத்தகங்களில் இருந்த வேறு கல்லூரியின் முத்திரை மீது எங்கள் ஸ்டிக்கரை ஒட்டும் திருப்பணிக்கு என்னையும் அழைத்தார்கள். போனேன். நேர்த்தியாக ஒட்டினேன்.

இது எங்கள் நிர்வாகத்தின் தனித் திறமை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியலோடு வெளியே வந்தபோது அந்தப் பெருமையும் போயிற்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் 'முழுநேர' ஆசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள் என்றது அது. பத்துக் கல்லூரிக்கு மேல் ஒரே நேரத்தில் முழுநேரம் பணியாற்றிய மகானும் அதில் உண்டு. முருகனுக்கே ஆறு படைவீடுதான். முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வாக்குமூலத்தை எந்த மாதிரியைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்களோ.

அதற்கு ஆறு வருடம் முன்னால், 2018 ஆகஸ்டில், அதே பல்கலைக்கழகத்தின் விடைத்தாள் மறுமதிப்பீட்டில் காசு வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவரும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டார். தீப்பெட்டி அளவு பிட்டை மோப்பம் பிடிக்கிற பறக்கும் படை அந்தப் பக்கமாகப் பறந்ததாகத் தகவல் இல்லை.

என் அக்கா மகன் கடைசி வருடம் வந்தபோது, "மாமா, நீங்க கூட வந்து பேசுனா ரேட்டைக் குறைப்பாங்க" என்று ப்ராஜெக்ட் சென்டருக்குக் கூட்டிப்போனான். செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே, மாடிப்படி முழுக்கச் செருப்பு. வாசலில் 'ஐ.இ.இ.இ. லேட்டஸ்ட் டைட்டில்கள்' என்று போர்டு. உள்ளே இருந்த பையனும் பி.இ.தான். வேலை கிடைக்காமல் அங்கே உட்கார்ந்தவன். எங்கள் ஊரில் நிஜமாகவே ப்ராஜெக்ட் செய்கிற ஒரே இன்ஜினியர் அவன்தான் என்பதை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டேன்.

"கோடு மட்டும் போதுமா சார், டாக்குமென்ட்டோடவா? டாக்குமென்ட், பி.பி.டி., வைவா கேள்வி பதில் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். பேப்பர் பப்ளிகேஷன் வேணும்னா அது தனி."

"போன வருஷம் யாருக்கோ குடுத்ததைத்தானே இவனுக்கும் தருவீங்க?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஒரே காலேஜுக்கு ஒரே ப்ராஜெக்ட்ட ரெண்டு தடவ குடுக்க மாட்டோம் சார். எங்களுக்கும் ஒரு நேர்மை இருக்குல்ல?"

இத்தனை வருடக் கல்லூரி வாழ்க்கையில் நேர்மை என்ற சொல்லை ஒருவர் கோபத்தோடு உச்சரித்து நான் கேட்டது அங்கே மட்டும்தான்.

டாக்குமென்ட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே போனஃபைடு சர்டிஃபிகேட். 'இது இந்த மாணவரின் சொந்த உழைப்பு' என்று அச்சாகித் தயாராக இருந்தது, பெயர் போட வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளிக்கோடு. அடுத்த பக்கம் நன்றியுரை. சேர்மனுக்கு நன்றி, பிரின்சிபாலுக்கு நன்றி, வழிநடத்திய கைடுக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி. எதிரே உட்கார்ந்து அத்தனையையும் செய்தவன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. நான் பேசியதில் ஆயிரம் ரூபாய் குறைந்தது. அக்கா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல், "எந்த லாங்குவேஜ்ல பண்ணினே?" என்று கேட்டாராம். "பைத்தான் சார்." "வெரி குட்." பிரியாணி ஆறிவிடக் கூடாதே.

மாணவனை விடுங்கள், ஆராய்ச்சிக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுக்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. மளிகைக்கடைத் தராசு மாதிரி துல்லியமானது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்தியும் கொடுக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. தற்செயலாகத் தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போவது கணக்கில் சேராது. ஆக, பதினைந்தாவது சொல்லில்தான் மனிதன் திருடனாகிறான். வெளியிட்ட கட்டுரையில் அதே 60 சதவீதத்தைத் தாண்டிய பேராசிரியருக்கு என்ன தண்டனை? கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், இரண்டு வருட இன்கிரிமென்ட் போகும், மூன்று வருடம் புதிதாக யாருக்கும் கைடாக இருக்க முடியாது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் வேலைக்கே ஆபத்து. மாணவனுக்குப் போவது படிப்பு, வாத்தியாருக்குப் போவது இன்கிரிமென்ட். மனுவே வந்து எழுதியிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக எழுதியிருப்பாரா என்று சந்தேகம்.

சட்டம் சதவீதத்தில் பேசியதும் சந்தையும் சதவீதத்தில் பேச ஆரம்பித்தது. 'பர்சன்டேஜ் குறைத்துத் தரப்படும்.' திருட்டை நிறுத்துவது யாருக்கு வேண்டும், மென்பொருள் கண்ணில் படாமல் இருந்தால் போதும். அதற்கு வழி, ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பக்கத்தில் இருக்கிற சொல்லைப் பிடித்துப் போடுவது. பிரான்ஸின் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் 2021இல் இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள், 'சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்' என்று பெயரும் வைத்தார்கள். 'பிரெஸ்ட் கேன்சர்' என்றிருந்தது 'பூசம் பெரில்' ஆகியிருந்தது, அதாவது மார்பு அபாயம். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்' ஆகியிருந்தது, கள்ள நோட்டு மாதிரி கள்ளப் பிரக்ஞை. திருநெல்வேலியை 'மரியாதைக்குரிய நெற்பயிர்த் தடுப்பு' என்று எழுதுவதற்குச் சமம். இவை ஆய்விதழ்களில் அச்சாகி வந்தன. எழுதியவர் படிக்கவில்லை, மதிப்பிட்டவர் படிக்கவில்லை, பதிப்பித்தவரும் படிக்கவில்லை. படித்தது மென்பொருள் ஒன்றுதான், அதுவும் சதவீதத்தை மட்டும்.

இப்போது ஏ.ஐ. வந்து பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று மேடைதோறும் ஒப்பாரி. அந்த ஒப்பாரியை எழுதிக் கொடுத்தது எது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். உண்மையாகவே வயிறு எரிகிறவன் ப்ராஜெக்ட் சென்டர் பையன்தான். அவன் பிழைப்பு அல்லவா போகிறது.

இது எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராவது கேட்டால், முதலாண்டு லேபில் என்று சொல்வேன். எனக்குத் தெரியும். நானே ஆரம்பித்து வைத்திருக்கிறேன்.

ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கமான 'ஜி'யைக் கண்டுபிடிக்கும் சோதனை. விடை 9.8 என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே முதலாண்டு மாணவர்கள் 9.8இல் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கைத் தயாரிப்பார்கள். ஊசல் மரியாதைக்கு இரண்டு ஆட்டம் ஆடும். அப்சர்வேஷன் நோட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி வரும், நானும் மளமளவென்று கையெழுத்துப் போடுவேன்.

ஒரு வருடம் ஒரு பெண், அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்தவள், 8.6 என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிவப்பு மையில் 'ரிப்பீட்' என்று எழுதினேன்.

"சார், மூணு தடவ பண்ணிப் பார்த்தேன், இதேதான் வருது. அந்த ஸ்டாப் கிளாக் ஃபாஸ்ட்டா ஓடுது சார். செல்போன்ல வெச்சுப் பார்த்தேன், ஒரு நிமிஷத்துக்கு நாலு செகண்டு கூடக் காட்டுது. கீழ எழுதியிருக்கேன் சார்."

எழுதியிருந்தாள். பென்சிலில், கோணல்மாணலான ஆங்கிலத்தில், இரண்டு வரி. பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கிளாக்கை மாற்றச் சொன்னால் ஸ்டோர்ஸில் இன்டென்ட் போட வேண்டும். "எல்லாருக்கும் 9.8 வருது, உனக்கு மட்டும் எப்படிம்மா வராம போகும்? அடுத்த வாரம் சரியா எழுதிட்டு வா" என்றேன்.

பிறகொரு நாள் ஆளில்லாத நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு நாலு செகண்டு கூடக் காட்டுகிற கடிகாரத்தில் 9.8 என்பது 8.6 ஆகத்தான் வரும்.

ஆனால் அதற்குள் அவள் அடுத்த வாரம் வந்து போயிருந்தாள். பென்சில் வரிகள் ரப்பரால் அழிக்கப்பட்டிருந்தன. ஊசல் பக்கமே போகாமல் 9.8 என்று எழுதி வந்திருந்தாள். பத்துக்குப் பத்து போட்டிருந்தேன்.