நாய அடிச்சா திருடன் சிக்குவானா?

வாடா பேராண்டி, ஒக்காரு. காருல மஞ்ச லைட்டு எரியுதுன்னு மூஞ்சி இப்புடித் தொங்குது. கறவ மாடா செத்துப்போச்சு?

ஸ்டீயரிங்குக்குக் கீழ 16 முள்ளு போற பொந்துல கோளாறு படிக்குற டப்பாவச் சொருவி, செல்லப் பாத்துட்டு, "பி 0171 தாத்தா, ஆக்சிஜன் சென்சாரு அவுட்டு"ங்குற. புதுசும் வாங்கியாந்துட்ட. அந்த நம்பரு அப்புடியா சொல்லுது? கலவையில காத்து கூட, பெட்ரோலு கொறச்சல். அவ்வளவுதான் சொல்லுது. சென்சாரு சைலன்சர் பொகைய மோந்து பாத்துக் கொலைக்குற நாயிடா. நாய மாத்துனா திருடன் ஓடிருவானா?

பானட்டத் தொற. மக்காச்சோள மூட்டைக்குப் பக்கத்துல வண்டிய நிறுத்துனது யாரு? ஏர் பில்டர்லேருந்து இன்ஜினுக்குப் போற ரப்பர் ஓசு இருக்குல்ல, அதுக்கு அடியில வெரல வுட்டுத் தடவு. சொரசொரன்னு ரெண்டு பல்லுத் தடம். காதக் குடு, 'ஸ்ஸ்'னு கேக்குதா? எலிடா! காத்த அளக்குற எடத்தத் தாண்டி ஓட்ட வுழுந்தா, கணக்குல வராத காத்து உள்ள போவும். கம்ப்யூட்டரு பாவம், கணக்குல வந்த காத்துக்குத்தான பெட்ரோலு ஊத்தும்?

போன வாரம் அந்த நம்பர அழிச்சுட்டு மீசைய முறுக்குன. அரியலூருக்கு ரெண்டு நட சிமெண்டு லாரிக்குப் பின்னாடி போயி வந்த, லைட்டு மறுபடி எரிஞ்சுருச்சு. கம்ப்யூட்டரு மொத தடவ மனசுல வச்சுக்கும், அடுத்த ஓட்டத்துலயும் அதே கோளாறுன்னாத்தான் வௌக்க ஏத்தும். ஒங்க ஆத்தா மாதிரி. எந்த வேகத்துல, எந்தச் சூட்டுல கோளாறு வந்துச்சுன்னு அது குறிச்சு வச்சதையும் சேத்தில்ல அழிச்சுட்ட? மெக்கானிக்கு எதப் பாத்துக் கண்டுபுடிப்பான்?

"பொகைச் சான்றிதழ் இருக்கே"ங்குற. அதக் குடுக்குறவன் நின்ன வண்டியில குழாய வுட்டு அந்த நேரத்துப் பொகையப் பாப்பான். 2020 ஏப்ரல்ல வந்த பிஎஸ்-6 வண்டியோ ஓடும்போதே தன்னைத் தானே பாத்துக்கிட்டே வருது.

லைட்டு நெலையா எரிஞ்சா மெதுவா ஓட்டிட்டு வா. கண்ணச் சிமிட்டுனா ஓரங்கட்டு. இன்ஜின்ல எரியாத பெட்ரோலு கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போயி எரிஞ்சு, அத வேக வச்சுரும். அது வெலைக்குக் கறவ மாடே வாங்கலாம்.

சென்சாரத் திருப்பிக் குடுத்துட்டு ஓசு வாங்கியா. அப்புடியே எலிப்பொறி ஒண்ணு. கருவாடு வீட்டுல இருக்கு.